நீட்டிக்கணுமா?

இப்போது செல்போன் கடை இருக்கும் அந்தத் தெருமுனையில்தான் அப்போது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் இருந்தது. அதைத் தாண்டும்போதெல்லாம் புரூஃப் ரீடருக்கு நடை தானாகத் தளர்ந்துவிடும். அவர் மனைவி வேலை பார்த்த இடமாயிற்றே! நாளெல்லாம் காதில் ஹெட்போனோடு ஊராரைப் பேசவைத்தவள், வீட்டுக்கு வந்தால் கிணற்றில் போட்ட கல்.

சம்பந்தம் பேசப் போன அன்றும் அப்படித்தான். கேள்வி கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் வாய் வலித்ததுதான் மிச்சம். அவள் தரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திரும்பும் வழியில் மாமா தன் இங்கிலீஷை எடுத்துவிட்டார்.

"பொண்ணு ரொம்ப ரெட்டிசென்ட்டா இருக்கா மாப்ளே. இஷ்டமில்லாத எடம் நமக்கு வேண்டாம்."

அப்பாவும் தலையாட்டிவிட்டார். பேச்சு அத்தோடு நின்றுபோயிற்று.

புரூஃப் ரீடருக்கோ அவளை விட மனசில்லை. அடுத்தவர் எழுத்தில் குற்றம் பார்த்தே பிழைப்பவர் சும்மா இருப்பாரா? ரெட்டிசென்ட் என்றால் வாய் திறக்காதவள். இஷ்டமில்லாதவள் என்றால் ரிலக்டன்ட் என்றல்லவா மாமா சொல்லியிருக்க வேண்டும்? ஆனால் மாமாவின் வார்த்தை தப்பென்றால் அவர் சொன்ன விஷயமும் தப்பாகிவிடுமா? அதுதான் உறுத்தியது. அவளையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

மறுநாள் அச்சகத்துப் போனிலிருந்து எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு, அவளை லைனில் வரச் சொன்னார். "டிரங்க் புக்கிங். நம்பர் சொல்லுங்க" என்றாள். அடேயப்பா, என்ன கணீர்க் குரல்!

"நம்பர் இல்லைங்க. நேத்து வீட்டுக்கு வந்தவன் பேசுறேன். என்னைப் பிடிக்கலையா?"



"பிடிச்சிருக்கு. எதிர்ல ஆள் இருந்தா எனக்கு வாய் வராது, அவ்ளோதான்."

அதற்கப்புறம் சந்தோஷத்தில் உளறிக்கொட்டியதெல்லாம் இவர்தான். வெளியூர் டிரங்க் கால் பேசுபவர்களிடம் மூன்று நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்கும் அதே குரலில் நடுவில் அவள் குறுக்கிட்டாள்.

"மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டிக்கணுமா?"

"நீட்டிக்கணும்."

கல்யாணம் நடந்தது, மகள் பிறந்தாள், எக்ஸ்சேஞ்சும் மூடப்பட்டது. செல்போன் வந்த பிறகு, முக்கியமான எதையும் அவளிடம் கேட்பதென்றால் அவர் அடுத்த அறைக்குப் போய்ப் போன் போடுவார். மகளுக்கு அது பெரிய கேலி.

போன மாதம் அவளுக்குப் பெரிய ஆபரேஷன். அதற்குப் பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் டாக்டரிடமும் பேசவில்லை, மகளிடமும் பேசவில்லை.

"அம்மாவுக்கு இனிமே இருக்கவே இஷ்டமில்ல போலப்பா" என்று மகள் அழுதாள்.

அவர் ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போய் அவள் செல்லுக்குப் போன் போட்டார். நல்லவேளை, எடுத்தாள்.

"ஏம்மா, எங்களோட இருக்க இஷ்டமில்லையா?"



"யாருங்க சொன்னா? பயமா இருக்கு, அவ்ளோதான்."

அவர் பழைய கதையெல்லாம் எடுத்து, மாமாவின் இங்கிலீஷ் வரைக்கும் வந்துவிட்டார். லேசாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"மூணு நிமிஷம் ஆச்சுங்க. நீட்டிக்கணுமா?"

அவர் வராந்தா பெஞ்சில் வசதியாக உட்கார்ந்தார்.

"நீட்டிக்கணும்" என்றார்.