வலது கால் நாறவில்லை

நான் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இன்று திருவொற்றியூரில் என் பட்டறையில் சாக்ஸ் பின்னும் மெஷின்கள் பதினாறு ஓடுகின்றன. ஒன்றையும் எனக்கு யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எண்ணூரில் ஒரு தொழிற்சாலை. ஆட்கள் நாள் முழுக்கக் கனத்த பூட்ஸுக்குள் வெந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் கால் நாறாமலிருக்க வெள்ளி ஏற்றிய நூலில் சாக்ஸ் பின்னிக் கொடுத்தேன். இரண்டே மாதத்தில் அங்கிருந்த அதிகாரி கூப்பிட்டனுப்பினார். சாக்ஸ் நாறுகிறதாம், அதில் வெள்ளியும் இல்லை ஒரு மண்ணும் இல்லையாம், மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பப் போகிறாராம்.

"வெள்ளி எப்படி வேலை செய்யுதுன்னாவது தெரியுமா பெரியவரே?" என்றார்.

தெரியும். நூல் வாங்கிய இடத்தில் அரை நாள் உட்கார்ந்து, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டவன் நான். வியர்வைக்கு நாற்றமில்லை, அதைத் தின்கிற கிருமிதான் நாற்றத்தைக் கிளப்புகிறது. ஈரம் பட்டதும் நூலிலிருந்து வெள்ளி கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். கிருமியின் தோலைத் தாண்டி உள்ளே போய் மூச்சை அடைக்கும், பெருக விடாது. இதை அப்படியே சொன்னேன். அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு உறுத்த, நேரே ராயபுரம் போனேன். அந்தத் தொழிற்சாலைத் துணிகளைத் துவைப்பவர் அங்கேதான் இருந்தார். அவருடைய தொட்டியில் என் சாக்ஸ் பிளீச்சிங் பவுடரில் ஊறிக்கொண்டிருந்தது. இந்தத் தண்ணீர் நூலிலிருக்கும் வெள்ளியைக் கரைத்துக் கழற்றிவிடுமே என்றேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பவுடரு போடாத தொவைச்சா அது தொவையலா நைனா? மீன் கவுச்சியே போவுது இதுல."

ஒரு புது ஜோடியை எடுத்தேன். இடது சாக்ஸை அவர் தொட்டியிலேயே ஐந்து முறை துவைக்க வைத்தேன். வலதை வீட்டில் வெறும் சோப்பில் ஐந்து முறை நானே துவைத்தேன். பிறகு தொழிற்சாலை ஆட்கள் போடுகிற மாதிரி கனத்த பூட்ஸுக்குள் இரண்டையும் மாட்டிக்கொண்டு மூன்று நாள் மெஷின்களுக்கு நடுவில் நின்றேன். மூன்றாம் நாள் மாலை அப்படியே எண்ணூருக்குப் போய், அதிகாரியின் ஏசி அறையில் கதவைச் சாத்திவிட்டு, பூட்ஸைக் கழற்றிக் கால்களை நாற்காலிமேல் நீட்டினேன்.

"இடது கால் உங்காளு தொவைச்சது. வலது கால் நான் தொவைச்சது. மோந்து பாரு சார்."

இடது காலுக்கு அவர் குனிய வேண்டிய தேவையே இருக்கவில்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வலது பக்கம் வந்தார். குனிந்தார். கைக்குட்டையை எடுத்தார். இன்னொரு முறை குனிந்தார்.

சரக்கு அங்கேயே இருக்கட்டும், இனிமேல் சோப்பில் துவைக்கச் சொல்லிவிடுகிறேன் என்றார். சொல்லிக்கொண்டே போய் ஜன்னலைத் திறந்தார். நான் அவசரப்படாமல் வலது பூட்ஸை முதலில் மாட்டினேன்.