கிண்டல் நின்றால் கிரேனும் நிற்கும்

கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த அந்த இடத்தில் எல்லாரையும்விட உயரமான நாற்காலி அவளுடையது. டவர் கிரேனின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு நாற்காலி, கைக்கு ஒன்றாக இரண்டு பிடிகள். கம்பிக்கட்டோ, செங்கல் தட்டோ, குளியலறைத் தொட்டியோ, மேலே போக வேண்டியது எதுவானாலும் அவள் மனது வைத்தால்தான் நகரும். ‘மேல இருக்கற அக்காகிட்ட கேளு’ என்று ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி, அது தேய்ந்து மேலக்கா ஆகிவிட்டது. சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த நாற்காலி அவளுக்குச் சும்மா கிடைக்கவில்லை. முதலில் சாமான் ஏற்றும் லிஃப்டில் பட்டன் அமுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு பயிற்சிக்குப் போனாள், தேர்வு எழுதினாள், சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். “ஏணி ஏறவே உனக்குப் பாதி நாள் போயிடுமேம்மா” என்றார் மேஸ்திரி. அவர் கையிலிருந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் மேலே போய் உட்கார்ந்துகொண்டு, ஹாரனை ஒரு முறை அடித்தாள். மேஸ்திரி அதற்குப் பிறகு அவள் விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை.

கீழே நின்று அவளுக்குச் சைகை காட்டுகிறவன் அவள் கணவனின் தம்பி. அவனுக்குக் கைகாட்டி என்று பெயர். ஒரு கையில் ரேடியோ, இன்னொரு கையில் சைகை. அண்ணியும் கொழுந்தனும் ரேடியோவில் பேசுவதைக் கேட்பதற்கென்றே கம்பி கட்டுகிறவர்கள் தங்கள் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வார்கள்.

“அண்ணி, கொஞ்சம் இடது பக்கம் வாங்க.”

“வரேன். நீ கொஞ்சம் தள்ளி நில்லு. உன் தொப்பைதான் தெரியுது, கம்பி தெரியல.”

“இன்னும் கொஞ்சம் இறக்குங்க.”

“இறக்கறேன் தம்பி. உன்னை மாதிரி சோம்பேறியா என்ன, சொன்னதும் இறங்கிடும்.”

உயரத்தில் இருப்பவள் நாள் முழுக்க வானத்தையும் மேகத்தையும் பார்த்துக்கொண்டு சொகுசாக இருப்பாள் என்றுதான் கீழே இருப்பவர்கள் நினைப்பார்கள். அவள் பார்ப்பது தன் இரண்டு காலுக்கும் நடுவில் இருக்கிற தரைக்கண்ணாடியை. அதன் வழியாகத்தான் கொக்கியும் சுமையும் தெரியும். பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாமல் நின்றபோதுகூட அவள் அவ்வளவு நேரம் தலைகுனிந்ததில்லை. சில வருஷத்தில் பிடரி கல்லாக இறுகிவிட்டது. கூடவே ஒற்றைத் தலைவலியும் வந்தது. வலது பிடரியில் ஆரம்பித்து, காதுக்குப் பின்னால் ஏறி, கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, சோறு ஆகாது. சில நாள் வலி வருவதற்கு முன்னால் பார்வைக்குள் ஓர் ஒளிக்கோடு வளைந்து வளைந்து ஓடும். அந்தக் கோடு மறைக்கிற இடத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்து, பயப்படும்படி எதுவும் இல்லை என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். நல்ல மாத்திரைதான். வலி குறைந்தது, ஆனால் கண் சொக்கியது. தூக்கம் வரவழைக்கும் மருந்து சாப்பிட்டவர் அன்றைக்குக் கிரேனில் ஏறக் கூடாது என்பது வேலையிடத்து விதி. அதைக் குறை சொல்ல முடியாது. மாத்திரை போட்டால் நாற்காலி இல்லை, போடாவிட்டால் வலியோடு நாற்காலி. மேலக்கா இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள், வேலையிடத்தில் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அது தப்பு. அவளுக்கே தெரியும். ஆனால் ‘தலைவலிக்காரி’ என்று ஒரு முறை பெயர் வாங்கிவிட்டால் மறுபடி லிஃப்ட் பட்டன்தான் என்கிற பயம் அவள் வாயைக் கட்டிப்போட்டது. வலி வருகிற நாளில் வீட்டுக்குப் போனதும் கணவன் திரையை இழுத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விடுவான். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். வேலையிடத்தில் வாயைத் திறந்திருந்தாலும் ஆறுதல் கிடைத்திருக்காது. தலைவலி என்று சொல்லிப் பாருங்கள், சுற்றி இருக்கிற அத்தனை பேரும் டாக்டர் ஆகிவிடுவார்கள்.

இதற்கு நடுவில் கைகாட்டிக்கும் கழுத்து பிடித்துக்கொண்டது. அவள் குனிந்தே இருப்பவள் என்றால் அவன் அண்ணாந்தே நிற்பவன். முதுகெலும்பையும் கழுத்தையும் கையாலேயே சரிசெய்கிற கைரோபிராக்டர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருப்பதாக யாரோ சொன்னார்கள். அந்தப் பெயர் வாயில் நுழையாததால் எல்லாருக்கும் அவர் கழுத்து டாக்டர். இரண்டு முறை போய்வந்தவன், மூன்றாவது முறை அண்ணியையும் இழுத்துக்கொண்டு போனான்.

மருந்து வாசனையே இல்லாத சின்ன அறை. முகம் வைக்க ஓட்டை விட்ட ஒரு நீளமான மெத்தைப் பலகை, சுவரோரம் பிளாஸ்டிக்கில் செய்த முதுகெலும்பு ஒன்று, இரண்டு நாற்காலி. கழுத்து டாக்டர் ஐம்பதைத் தொடுகிற பெண். கையில் நல்ல பலம். மோவாய் நெஞ்சைத் தொட ஒருத்தியும், மோவாய் கூரையைப் பார்க்க ஒருவனும் அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துலயா வேலை?”

“ஆமாங்க. நான் இவங்களைப் பார்க்கறேன், இவங்க என்னைப் பார்க்கறாங்க. அதுதான் வேலை” என்றான் கைகாட்டி.

மேலக்கா படுத்தாள். டாக்டர் எடுத்த படத்தையும் மாத்திரையின் பெயரையும் கழுத்து டாக்டர் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிறகு மண்டை ஓட்டின் அடியில் விரலை வைத்து ஓர் இடத்தில் அழுத்தினார். வலி நேராகக் கண்ணுக்குப் போனது.

“இதே வலிதானே?”

“இதேதான்” என்றாள் மேலக்கா. எங்கோ இருந்து வருகிற பேய் என்று இத்தனை நாளாக நினைத்திருந்ததை ஒருவர் விரலால் தொட்டுக் காட்டியதில் அவளுக்கு அழுகை வந்தது. “கழுத்தைத் திருகிடுவீங்களா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா, உங்களுக்கு அது வேண்டாம். மெதுவாத்தான் பண்ணப்போறேன். ஒண்ணு சொல்லிடறேன். மாத்திரையை நிறுத்தச் சொல்றது என் வேலை இல்ல, அதை உங்க டாக்டர்கிட்ட பேசிக்குங்க. கழுத்து இறுக்கத்தால வர்ற பங்கு எவ்வளவோ அதைக் குறைச்சுப் பார்க்கலாம். அடியோட போயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.”

தோளிலும் பிடரியிலும் கைவைத்து ஒவ்வொரு முடிச்சாக இளக்கினார். இடுப்பிலிருந்து சாய்ந்து பார்க்கும்படி நாற்காலியை எப்படி முன்னால் நகர்த்துவது, ஒரு சுமை இறங்கி அடுத்தது கட்டப்படுவதற்குள் மோவாயை உள்ளே இழுத்துக் கழுத்தை எப்படி நிமிர்த்துவது என்றெல்லாம் செய்து காட்டினார். கடைசியில் கேட்டார்: “வலி வர்றதுக்கு முன்னால என்ன வரும்? கொட்டாவி, தாகம், எரிச்சல், இப்படி ஏதாவது?”

“ஒண்ணும் வராது. திடீர்னுதான் வரும்.”

மூலையிலிருந்து கைகாட்டி தொண்டையைக் கனைத்தான். “வரும். சொன்னா கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லுங்க.”

“தலைவலி வர்ற அன்னிக்கு அண்ணி என்னைக் கிண்டல் பண்ண மாட்டாங்க. காலையிலயே நின்னுடும். சரி தம்பி, ஆகட்டும் தம்பின்னு மரியாதையாப் பேசுவாங்க. மத்தியானத்துக்கு மேல வலி வந்துடும்.”

கழுத்து டாக்டர் சிரிக்கவில்லை. வலிக்கு முன்னால் சிலருக்கு மனசு மந்தமாகும், சிலருக்குப் பேச்சு குறையும் என்றார். “நல்ல அடையாளம். அதை விட்டுடாதீங்க.”

திரும்பி வந்து வீட்டுப் படி ஏறும்போது மேலக்கா நின்று கேட்டாள்: “தலைவலியோடதான் தூக்கறேன்னு தெரிஞ்சுமா கீழ நின்ன?”

“நீங்க மேல இருந்தீங்களே அண்ணி. நான் வேற எங்க நிக்கறது?”

நாற்காலி போய்விடும் என்று மட்டுமே இத்தனை நாளும் பயந்திருந்தாள். அந்தக் கொக்கிக்கு அடியில் நிற்பவன் வீட்டுப் பிள்ளை என்பது அவள் கணக்கில் வரவே இல்லை. அங்கேயே படியில் வைத்து இருவரும் ஒன்று பேசிக்கொண்டார்கள். கிரேன் வேலையில் ஒரு கையை நீட்டினால் நில் என்று அர்த்தம். இரண்டு கையையும் அகல விரித்து ஆட்டினால் உயிர் போகிற அவசரம், அப்படியே நிறுத்து என்று அர்த்தம். அந்தச் சைகையை யார் காட்டினாலும் கிரேன் நின்றாக வேண்டும், காரணம் கேட்கிற பேச்சே இல்லை. கிண்டல் நிற்கிற அன்றைக்கு அவன் இரண்டு கையையும் விரிப்பான், அவள் நிறுத்திவிட்டு இறங்கிவிடுவாள்.

கழுத்து டாக்டரின் கையும் நாற்காலியின் புது இடமும் வேலை செய்தன. வாரம் தவறாமல் வந்த தலைவலி மாதத்துக்கு ஒன்றானது, சில மாதம் எட்டியே பார்க்கவில்லை. கைகாட்டிக்குக் கிடைக்கிற ஏச்சும் அதற்கேற்றபடி கூடியது. அவன் அதைச் சம்பள உயர்வு மாதிரி முகம் மலர வாங்கிக்கொண்டான்.

அப்போதுதான் புதுப் பொறியாளர் வந்தார். சின்ன வயது, கெட்டிக்காரர், எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்பவர். முதல் நாளே ரேடியோவில் தொப்பையும் சோம்பேறியும் காதில் விழுந்து அவருக்கு முகம் சிவந்துவிட்டது. வேலைக்கு வேண்டிய வார்த்தை தவிர ரேடியோவில் ஒரு சொல் கூடாது என்று உத்தரவு போட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, எல்லா இடத்திலும் அதுதான் முறை. ஏற்று, இறக்கு, நில், சரி. ரேடியோ கோயில் மாதிரி அமைதியானது. பொறியாளருக்கு உச்சி குளிர்ந்தது. கைகாட்டிக்கோ கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேலே இருப்பவள் விதிக்காகப் பேசாமல் இருக்கிறாளா, வலி வருவதால் பேசாமல் இருக்கிறாளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு காலை நேரம். கொக்கியில் கனமான கம்பிக்கட்டு தொங்க, அது மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. கைகாட்டிக்கு மனசு ஏதோ போல் இருந்தது. வருவது வரட்டும் என்று ரேடியோவை வாயருகே கொண்டுபோனான்.

“அண்ணி, இன்னிக்கு நான் ரொம்ப அழகா இருக்கேன்ல?”

கம்பி கட்டுகிறவர்கள் நிமிர்ந்தார்கள். பொறியாளர் விறுவிறுவென்று அவனை நோக்கி நடந்தார். அப்படி ஒரு வாய்ப்பை மேலக்கா ஆயுளில் தவறவிட்டதில்லை. எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

“சரி தம்பி” என்றது ரேடியோ.

கைகாட்டி இரண்டு கைகளையும் அகல விரித்து ஆட்டினான்.

கிரேன் நின்றது. கூண்டுக்குள் மேலக்காவுக்குக் கோபம்தான் வந்தது. தலை வலிக்கவில்லை, கண் தெளிவாகத் தெரிந்தது, வேலை பாதியில் தொங்கியது. ஆனாலும் அந்தச் சைகைக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. ஆட்களை விலக்கச் சொல்லி, சுமையை அங்குலம் அங்குலமாகத் தரையில் இறக்கினாள். ஏணியில் இறங்கி வந்தாள். கடைசிப் படியில் கால் வைத்தபோது பார்வையின் ஓரத்தில் ஒளிக்கோடு ஓட ஆரம்பித்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“ஏன் நிறுத்தின?” என்று பொறியாளர் கைகாட்டியிடம் கேட்டார்.

“கிரேன்ல ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு சார்.”

“கிரேன்ல ஒண்ணும் இல்ல சார்” என்றாள் மேலக்கா, கண்ணை மூடிக்கொண்டே. “எனக்கு ஒற்றைத் தலைவலி. ரொம்ப நாளா இருக்கு. சொல்லாம ஏறிட்டிருந்தேன். அவனைத் திட்டாதீங்க.”

அவள் எதற்குப் பயந்தாளோ அதுதான் நடந்தது. மறு வாரமே லிஃப்ட் பட்டன். மேஸ்திரி அந்தப் பக்கமாகப் போகும்போது தலையைத் திருப்பிக்கொண்டு போனார், அது அவருடைய நல்ல குணம். டாக்டரிடமும் கழுத்து டாக்டரிடமும் பொறியாளர் தானே பேசினார். பகலில் மாற்றி உட்கார இன்னொரு ஆபரேட்டரை ஏற்பாடு செய்தார். அறிகுறி தெரிகிற நாளில் ஏறுவதில்லை என்று அவளிடம் வாக்கு வாங்கிக்கொண்டு, இரண்டு மாதம் கழித்து நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தார். கூடவே முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு ஒன்று சொன்னார்: “காலையில முதல் சுமை தூக்கறதுக்கு முன்னால, கீழ நிற்கிற உங்க கொழுந்தனை நீங்க ஒரு தடவை கிண்டல் பண்ணணும். அதுக்கு அப்புறம்தான் வேலை.”

அன்றிலிருந்து அது நடைமுறை. காலையில் பொறியாளர் கைகாட்டியைப் பார்த்து, “ஏச்சு வாங்கியாச்சா?” என்று கேட்பார். “வாங்கியாச்சு சார்” என்று அவன் சொன்ன பிறகுதான் கொக்கி அசையும்.

பல மாதம் இப்படியே நன்றாக ஓடியது. ஒருநாள் கைகாட்டி தலைமுடிக்குச் செக்கச்செவேலென்று சாயம் பூசிக்கொண்டு வந்து நின்றான். வேலையிடமே விழுந்து விழுந்து சிரித்தது. ஏணியடியில் நின்ற மேலக்காவை எல்லாரும் ஆவலோடு திரும்பிப் பார்த்தார்கள். அவள் அவன் தலையைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். வலி இல்லை, கழுத்தும் லேசாகத்தான் இருந்தது. வானம் தெளிவாக இருந்தது, ஏறத் தோதான நாள். சொல்வதற்கு மட்டும் ஒன்றுமே வரவில்லை.

“நல்லா இருக்கு தம்பி” என்றாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. கைகாட்டி கையைத் தூக்கப் போனான். அதற்குள் அவளே ஏணியை விட்டு விலகி, இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினாள்.

சாவியை மாற்று ஆபரேட்டரிடம் கொடுத்தாள். ஏறப்போவதில்லை என்பதால் டாக்டர் தந்த மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அலுவலகத்தின் பின் அறையில் திரையை இழுத்துவிட்டுப் படுத்தாள். மத்தியானம் வலி வந்தது, வழக்கமாக வருகிற அளவுக்கு இல்லை. பொழுது சாயும் நேரத்தில் கண் விழித்தபோது தலை லேசாகியிருந்தது. பக்கத்தில் யாரோ ஒரு ரேடியோவை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதைக் கையில் எடுத்தாள்.

“தம்பி, தலையில தீப்பிடிச்சுதுன்னா தண்ணி ஊத்தணும்டா. அப்படியே எரியவிட்டுக்கிட்டா வேலைக்கு வருவாங்க?”

ரேடியோவில் கைகாட்டியின் குரல் வந்தது.

“சரியா கேக்கல அண்ணி. இன்னொரு தடவை சொல்லுங்க.”