பின்பக்கத்துச் சேம்பர் மூடி

எங்கள் பிளாக்குக்கு ஒரு முகமும் ஒரு முதுகும் இருந்தன. முகம் தார்ச்சாலையைப் பார்த்திருந்தது. அந்தப் பக்கம் சுவரில் சுண்ணாம்பு, மரத்தடிகளில் வெள்ளையும் காவியுமாகப் பட்டை, ஒழுங்காகக் கத்தரித்த வேலி. முதுகுப் பக்கம் துவைக்கிற கல், கொடிக்கயிறு, ஒரு பலாமரம், எங்கள் வரிசைக் கழிவுநீரெல்லாம் வந்து சேரும் சேம்பர். நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் கிடைத்துக் குடிவந்த அன்று முகத்தைப் பார்த்து மயங்கியவள் நான். குடித்தனம் நடப்பதெல்லாம் முதுகில் என்று பிறகுதான் தெரிந்தது.

அடைப்பு எடுக்க வந்தவர்கள் கடப்பாரையால் நெம்பியபோது சேம்பரின் கான்கிரீட் மூடி இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி உள்ளே விழுந்தது. மறுபாதியைச் சுவரில் சாய்த்துவிட்டு, “புது மூடி வரும்மா” என்று சொல்லிப் போனார்கள். என் மகள் அப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தாள்.

கணவர் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்ததும் எங்கிருந்தோ ஒரு பழைய ஆஸ்பெஸ்டாஸ் துண்டைக் கொண்டுவந்து குழியின்மேல் போட்டு, நாலு மூலையிலும் செங்கல் வைத்தார். குழந்தைக்கு அந்தச் செங்கல்தான் பிடித்துப்போனது. கதவைத் திறந்தால் நேராக அதை நோக்கித்தான் போவாள்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பராமரிப்பு அலுவலகத்துக்கு நடந்தேன். எங்கள் பகுதி சூப்பர்வைசர் மரியாதையான மனிதர். எழுந்து நின்றுதான் பேசுவார்.

“மூடி ஸ்டாக் இல்லைங்க. புதுசா வார்த்ததும் உங்களுக்குத்தான் முதல்ல.”

“எப்ப சார் வார்ப்பீங்க?”

“சிமெண்ட் வரணுங்க.”

அடுத்த முறை போனபோது சிமெண்ட் வந்திருந்தது, கம்பி வரவில்லை. அதற்கடுத்த முறை கம்பியும் வந்திருந்தது, காண்ட்ராக்ட் முடிந்துபோயிருந்தது. புதுக் காண்ட்ராக்டர் வரவேண்டுமாம். நான் முகத்தைச் சுளித்திருக்க வேண்டும். “குழந்தையப் பார்த்துக்கறது பெத்தவங்க பொறுப்புதானுங்களே” என்றார், அதே மரியாதையோடு.

அந்த ஒரு வாக்கியம் வீடு வரைக்கும் கூடவே வந்தது. பார்த்துக்கொள்ளத் தெரியாதவளா நான்? மற்ற வீடுகளிலும் குழந்தைகள் இருக்கின்றன, யாரும் இப்படி அலைவதில்லையே? நான்தான் பெரிதுபடுத்துகிறேனா? பக்கத்து வீட்டு அக்கா திருநெல்வேலிக்காரர், மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். அவர் வாய்விட்டே கேட்டார்: “காலேஜுக்குப் போயி பயப்படத்தான் படிச்சிட்டு வந்தியாக்கும்? எம் பிள்ளைகள்லாம் இந்தக் குழியத் தாண்டித்தாம்மா வளந்துச்சு.”

“அப்ப மூடி இருந்துச்சுல்ல அக்கா?”

“அது இருந்துச்சு” என்றார்.

பின்கதவைத் தாழ்போட்டே வைத்தேன். குழந்தைத் துணிகளை வீட்டுக்குள் கயிறு கட்டிக் காயப்போட்டேன். காயாத துணியின் வாடை சமையலறை வரைக்கும் வந்தது. கணவரிடம் சொன்னால், “நம்ம பேரு வெளிய வரவேணாம். அவங்களே செய்வாங்க” என்பார். பர்மனென்ட் ஆகி அதிக நாளாகாத பயம் அவருக்கு. அவரையும் குற்றம் சொல்ல மனம் வராது.

ஒரு முற்பகல் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். முதுகில் காற்று பட்டது. கல்லில் துணி துவைத்துவிட்டு வந்தபோது தாழ்ப்பாள் சரியாக விழவில்லை போலிருக்கிறது. திரும்பிப் பார்த்தால் கதவு திறந்திருந்தது. குழந்தை ஆஸ்பெஸ்டாஸ் துண்டின் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு செங்கல் ஏற்கெனவே நகர்ந்திருந்தது. தட்டத் தட்ட, நடுவிலிருந்த கீறல் வாயைத் திறந்து திறந்து மூடியது. கத்தினால் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு குறுக்கே தவழ்ந்து வருவாள். கத்தாமல் நடந்து போய்த் தூக்கினேன்.

அந்த வாரந்தான் மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி எங்கள் சாலை வழியாக வரப்போகிறார் என்று செய்தி வந்தது. மறுநாளே சுண்ணாம்பு வாளிகள் வந்து இறங்கின. சுண்ணாம்புக்கு ஸ்டாக் இருந்தது. பட்டுப்போன ஒரு வேப்பமரத்துக்குக்கூட வெள்ளையும் காவியும் பூசினார்கள். சாலையைப் பார்த்த சுவர்களை மட்டும் அடித்தார்கள். மூலை திரும்பியதும் தூரிகை நின்றுவிட்டது.

சூப்பர்வைசர் வீடு வீடாக வந்து சொல்லிக்கொண்டு போனார். “முன்பக்கம் துணி காயப்போடாதீங்க. சைக்கிள் நிறுத்தாதீங்க.”

“சார், எங்க மூடி?”

“இந்த விசிட் முடியட்டுங்க.”

“விசிட்டுக்கு முன்னாடி போட்டா என்ன சார்?”

அவர் உண்மையாகவே புரியாமல் பார்த்தார். “அய்யா பின்பக்கம் வரமாட்டாருங்களே.”

கோபம் எனக்குப் பழக்கமில்லாத சரக்கு. அது வந்தபோது காய்ச்சல் என்றுதான் முதலில் நினைத்தேன். என் மகள் புழங்கும் பக்கம் அய்யா வராத பக்கம். அவ்வளவுதான் விஷயம். சிமெண்டும் இல்லை, கம்பியும் இல்லை.

விசிட் அன்று கணவர் முதல் ஷிப்ட். அவர் போனதும் வாசல் கம்பத்துக்கும் வேலிக்கும் கயிறு கட்டி, துவைத்த குழந்தைத் துணிகளை எல்லாம் வரிசையாகக் காயப்போட்டேன். பாதியில் பயம் வந்து நாலைந்தை எடுத்தேன். அவருக்கு ஏதாவது மெமோ வந்தால்? எடுத்ததை மறுபடியும் போட்டேன். கடைசியில், துவைத்தும் கறுப்பு போகாத அவருடைய சுரங்கத்து உடுப்பையும் நடுவில் தொங்கவிட்டேன்.

சூப்பர்வைசர் மொபெட்டை நிறுத்தக்கூட மறந்து ஓடிவந்தார். “என்னாங்க இது! படிச்சவங்க நீங்களே இப்பிடிப் பண்ணலாமா?”

“பின்னாடி குழி இருக்கு சார். குழந்தையத் தூக்கிக்கிட்டு அங்க போய்க் காயப்போட முடியல.”

“ஒரு ரெண்டு மணி நேரந்தானுங்களே! உள்ள போட்டுக்குங்க.”

“உள்ள போட்டுப் போட்டு வீடே நாறுது சார்.” கையைக் கயிற்றிலிருந்து எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா சத்தம் கேட்டு வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். உள்ளே போய் நனைந்த உள்பாவாடை ஒன்றைக் கொண்டுவந்து கடைசியில் விரித்துப் போட்டார். “கயிறு நீளமாத்தான கெடக்கு. எனக்கும் ஒண்ணு காயணும் தம்பி.”

சூப்பர்வைசர் தலையில் கைவைத்துக்கொண்டு மொபெட்டைக் கிளப்பினார்.

சற்று நேரத்தில் மூன்று சக்கர வண்டியில் மூடி வந்தது. இரண்டு பேர் இறக்கிப் பொருத்தி, மீதமிருந்த சுண்ணாம்பை அதன் தலையிலும் ஊற்றிவிட்டுப் போனார்கள். நான் துணிகளை எடுத்துக்கொண்டேன். அதிகாரியின் கார் கண்ணாடியைக்கூட இறக்காமல் கடந்துபோனது.

அன்று மாலை பின்கதவைத் திறந்துவிட்டேன். குழந்தை மூடியின்மேல் நின்று குதித்தாள்.

முதல் மழையில் சுண்ணாம்பு கரைந்தது. அடியிலிருந்து நீல எனாமல் பெயிண்டில் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று எழுந்து வந்தது. புது மூடிக்கு எதற்கு நட்சத்திரம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அடுத்த நாள் வேலியோரம் ஒரு பெண் வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும். இடுப்பில் ஒரு பையன், கழுத்தில் சிலுவை கோத்த சங்கிலி. பின்வரிசை பிளாக், சாலை தெரியாத பிளாக்.

“நெல்லிக்குப்பத்துல அம்மா வூட்டுக்குப் போயிருந்தங்க. வந்து பார்த்தா எங்க சேம்பர்ல மூடியக் காணோம். அன்னியிலேர்ந்து தேடிக்கினே இருக்கேன்.” அவள் கண் நட்சத்திரத்தில் நின்றது. “கிறிஸ்மஸுக்கு மீந்த பெயிண்ட்ல எங்க வூட்டுக்காரர் போட்டதுங்க. இதக் கேட்டு எடுத்துக்கினு போலாம்னுதான்…”

அப்போது என் மகள் தத்தித் தத்தி வந்து நட்சத்திரத்தின்மேல் உட்கார்ந்தாள். அந்தப் பெண் பேச்சை நிறுத்திக்கொண்டாள். கேட்கவும் அவளுக்கு மனம் வரவில்லை, எடுத்துக்கொள் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. இரண்டு தாய்களை ஒரு மூடிக்கு நிற்கவைத்துவிட்டு, அலுவலகத்தில் அந்த மரியாதையான மனிதர் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்.

“வாங்க, போகலாம்” என்றேன். அப்படியே கிளம்பினோம்.

அவர் வழக்கம்போல எழுந்து நின்றார். என் மகளை இறக்கி அவர் மேசையருகே விட்டேன். அவளும் பையனை இறக்கினாள்.

“ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு மூடிதான் சார் இருக்கு. அதனால ஒரு பிள்ளை இங்க இருக்கட்டும். எதை வச்சுக்கறீங்க?”

“என்னாங்க வெளையாடறீங்க…”

“வெளையாட்டு இல்லைங்க” என்றாள் அவள். “இவனுக்கு மத்தியானம் ரசஞ்சோறு போதும்.”

பையன் நாற்காலியைப் பிடித்து எழுந்து, அவருடைய பேனாவை வாயில் வைத்தான். என் மகள் குப்பைக் கூடையைக் கவிழ்த்தாள். அலுவலகத்தில் யாரோ சிரித்தார்கள். நாங்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டோம்.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே கிடங்கைத் திறந்து ஒரு மூடியை வண்டியில் ஏற்றினார்கள். திறந்த கதவு வழியாக, இன்னும் சில மூடிகள் சுவரில் சாய்ந்திருந்தது தெரிந்தது. மேலே தூசி படிந்திருந்தது. விசிட் அன்று கிடங்கைத் திறப்பதைவிடப் பின்வரிசையில் ஒன்றைப் பெயர்ப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம் என்பதை அவரும் பார்த்தார். எப்போதும் எழுந்து நின்று பேசுகிறவர் உட்கார்ந்துவிட்டார்.

நட்சத்திர மூடி பின்வரிசைக்குத் திரும்பிப் போனது. எனக்குக் கிடங்கிலிருந்து வந்த மூடி. பொருத்தி முடிக்கும்வரை சூப்பர்வைசர் பலாமரத்தடியில் நின்றிருந்தார். போகும்போது தயங்கிக் கேட்டார்: “இனிமே துணிய பின்னாடியே காயப்போடுவீங்கல்ல?”

“அந்தக் கிடங்குல மிச்சமிருக்கறதையும் போட்டு முடிங்க சார்” என்றேன். “அப்புறம் யோசிக்கிறேன்.”

முன்பக்கத்துக் கயிற்றை நான் அவிழ்க்கவில்லை.