ஆறு கொம்புள்ள பெட்டி

அட்டையைப் பிரித்துக் கருவியை வெளியே எடுத்தபோது அதன் ஆறு கொம்புகளும் மடங்கிக் கிடந்தன. படுத்திருந்தபடியே அத்தான் கைநீட்டி வாங்கி, ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். ஆறாவது கொம்பும் நேராக நின்றதும், "பாத்தியா மச்சான், இதுக்கு சிலோன் என்ன, அமெரிக்காவே கேக்கும்" என்றார். அன்று அவர் முகத்தில் இருந்த நிறைவை என்னால் இன்றுவரை அமைதியாக நினைத்துப்பார்க்க முடிவதில்லை. அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தவன் நான்.

அத்தான் என் அக்காளின் கணவர். இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து இளம் வயதில் கப்பலேறி எங்கள் தீவுகளுக்கு வந்தவர். கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் பல்லாண்டுகள் பால்வெட்டிவிட்டுப் பிற்பாடு சௌல்தாரியில் சிறியதொரு பாக்குத் தோட்டம் வைத்துக்கொண்டார். குடும்பத்தில் ஒரே தங்கை மட்டும் மணமாகி இலங்கையிலேயே தங்கிவிட்டாள். அதன்பின் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. சென்ற மழைக்காலத்தில் அத்தான் ஈரத்தரையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவர் படுக்கையில் விழுந்த மாதத்திலேயே தங்கையின் மகனிடமிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. தன் தாயை மருத்துவர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்றான். "மாமா முகத்த ஒருக்கா பாக்கணும்னு அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க."

புரோத்ராபூரில் என் வீட்டில் இணையம் உண்டு. அத்தான் வீடோ மேட்டுச் சாலைக்குக் கீழே பள்ளத்தில் இருந்தது. கைப்பேசியில் அலை கிடைக்கச் செங்குத்தான அந்த வழியில் ஏறியாக வேண்டும். "என்னத் தூக்கிக்கிட்டு அந்த மேட்டுல ஏற ஆளு இல்ல. இண்டர்நெட்ட இங்க தூக்கிட்டு வா" என்று அத்தானே முடிவுசெய்தார். கேபிள்காரர் மறுநாளே வீட்டு வாசல்வரை கம்பி இழுத்துக் கொடுத்தார். இணையத்தை வீட்டுக்குள் பரப்பும் வைஃபைப் பெட்டியை நாங்களே வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். வாங்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது. பள்ளியில் தமிழாசிரியனாக இருப்பவனுக்கு உலகத்தில் தெரியாததே இல்லை என்பது அத்தானின் அசைக்கமுடியாத நம்பிக்கை.

சந்தையில் எனக்குப் பழக்கமான வங்காளிக் கடைக்காரர் இரண்டு கொம்புள்ள சிறிய பெட்டியொன்றை எடுத்து வைத்தார். "மாஸ்டர்ஜி, கர் மே டின் ஹை க்யா?" என்று, வீட்டில் தகரம் உண்டா எனக் கேட்டார். வீட்டின் பின்கட்டு முழுவதும் தகரச்சுவர்தான் என்றேன். அப்படியானால் எவ்வளவு பெரிய பெட்டியானாலும் அலை தகரத்தைத் தாண்டாது, இதில் இரண்டு வாங்கி, முன்னறையில் ஒன்றும் பின்னறையில் ஒன்றுமாக வைத்து நடுவே கம்பியால் இணைத்துவிடுங்கள் என்றார். ஒன்று கேட்டவனிடம் இரண்டை விற்கப் பார்க்கிறார் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

இத்தீவில் வாழ்பவர்களுக்குப் புரியும். கடலடிக் கம்பி வருவதற்கு முன்பு எத்தனையோ ஆண்டுகள் நாங்கள் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள். கூரைமேல் எவன் வீட்டு ஆன்டெனா பெரிதோ அவன் வீட்டில்தான் படம் தெளிவாகத் தெரியும் என்று கண்டு வளர்ந்தவர்கள். இன்னொன்று, முதன்மையான பொருள் எதுவானாலும் அது மெயின்லேண்டிலிருந்து வந்தால்தான் எங்கள் மனம் ஏற்கும். கல்யாணப் புடவையும் மூக்குக்கண்ணாடியும் மிக்சியும் அங்கிருந்தே வரவேண்டும். விடுப்பில் சென்னை சென்றிருந்த உடனாசிரியர் ஒருவரிடம் ஆறு கொம்புள்ள பெட்டியொன்றை வாங்கிவரச் சொன்னேன். நான்கு நாளில் கப்பல் வந்துவிடும் என்பது என் கணக்கு. கடல் கொந்தளித்தது, கப்பல் புறப்படவே ஒரு வாரம் ஆயிற்று. அந்நாட்களில் அக்காளின் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அத்தான் என் கையைத்தான் முதலில் பார்த்தார். "கப்பல் எங்க இருக்காம்?" என்று மட்டும் கேட்பார். வங்காளிக் கடையில் அந்தச் சிறிய பெட்டி அன்றும் விற்பனைக்கு இருக்கிறது என்பது என் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஆயினும் போய் வாங்கினேனில்லை. முடிவை மாற்றிக்கொள்ள நாணினேன் என்பதே உண்மை.

பெட்டி வந்தது. முன்னறையில் பொருத்தினோம். பின்னறையில் அத்தானின் கட்டிலருகே ஓர் அலைகூடக் கிட்டவில்லை. கடைக்காரர் சொன்னது சொன்னபடியே நடந்தது. அடுத்த வீட்டார் இருவரை அழைத்து அத்தானைக் கட்டிலோடு முன்னறைக்குத் தூக்கினோம். கதவுநிலையில் கட்டில் இடித்தபோது, "மெதுவாடா, பொணம்னு நெனச்சுட்டீங்களா? இன்னும் உசிரு இருக்கு" என்று அவர் கத்த, தூக்கியவர்களும் சிரித்துவிட்டார்கள்.

கட்டில் வந்துசேர்வதற்குள் நான் முற்றத்தில் நின்று புதுப் பெட்டியின் அலையில் தங்கை மகனை அழைத்திருந்தேன். அவன் அழுதுகொண்டிருந்தான். "முந்தாநாளு அம்மாவுக்குப் பேச்சு போயிருச்சு. தொண்டையில சத்தம் மட்டும் ஒரு மாதிரி வருது. கேட்டா மாமா தாங்கமாட்டாரு." முந்தாநாள் என்ற சொல்லே என் காதில் நின்றது. உள்ளே அத்தான் தலைவாரிக்கொள்ளச் சீப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். "மைக்க ஆஃப் பண்ணிடு தம்பி. அம்மாவ மட்டும் காட்டு. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

திரையில் அவள் முகம் மிகத் தெளிவாகத் தெரிந்தது. அத்தான் கைப்பேசியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "பாப்பா, நான்தான். முடியெல்லாம் கொட்டிப்போச்சு, சிரிக்காத." அவள் கண்ணிமைக்காமல் பார்த்தாள். உதடுகள் அசைந்தன. "என்ன சொல்ற? பலமாச் சொல்லு!" என்று இவர் கூவினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "வாய் அசையுது மச்சான், சத்தம் வரல. ஆறு கொம்ப வச்சுக்கிட்டு என்ன புண்ணியம்?" நான் குனிந்து பெட்டியின் கம்பியைப் பிடுங்குவதுபோலத் தொட்டு மறுபடி அழுத்தினேன். "பெட்டி சரியில்ல அத்தான். வேற வாங்கிட்டு வரேன்" என்றேன். இல்லாத குற்றத்தை அந்தப் பெட்டிமேல் சுமத்திவிட்டு, இருந்த குற்றத்தை நான் வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அதே வங்காளிக் கடையில் இரண்டு சிறிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு சௌல்தாரிக்குப் பேருந்து ஏறினேன். வழியில் செய்தி வந்தது. தங்கை விடியற்காலையில் இறந்துவிட்டாள். அக்காளை வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டவள், "அவரு இன்னும் ஒரு வாய் சாப்பிடல. மொதல்ல சாப்பிடட்டும்டா, அப்புறம் சொல்லுவோம்" என்றாள்.

மறுபடி பின்னறைக்கே கட்டிலோடு திரும்பியிருந்த அத்தானோ சோற்றைத் தொடமாட்டேன் என்றார். பெட்டியை மாட்டிப் பார்த்த பிறகுதான் சாப்பாடு. வேறு வழியின்றி மாட்டினேன். தகரச்சுவரில் கம்பி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டுப் பின்னறைப் பெட்டியில் இணைத்ததும் அதன் விளக்குகள் பச்சையாயின. அரைமணி நேரத்து வேலை. "நீ வாசல்ல நின்னு என்னக் கூப்பிடு. சத்தம் வருதான்னு பாத்துட்டு அவளுக்குப் போடலாம்" என்றார்.

முன்னறைப் பெட்டியின் அலை எட்டும் தூரம்வரை பாக்கு மரங்களினூடே நடந்துசென்று அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். "அத்தான், கேக்குதா?" என்றேன்.

"அடேயப்பா, பக்கத்துல நிக்கிற மாதிரி கேக்குது! இதத்தானே மொதல்லயே வாங்கியிருக்கணும்? சரி, வை. அவளுக்குப் போடுறேன்."

"அத்தான்" என்றேன்.

"என்னடா? பேசு. மறுபடியும் சத்தம் போச்சா?"