சாயச் சொல்லி வண்டி ஓட்டிய ததேயுஸ்

ததேயுஸ் என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது வாந்தியோடு சேர்த்துத்தான். எனக்குப் பால்பல் விழுகிற வயது. முட்டம் கடற்கரையில் மரங்கள் வந்து அணைகிற நேரம். மரம் என்றால் எங்கள் ஊரில் கட்டுமரம். முதல் மரத்திலிருந்து இறங்கிய அல்போன்ஸ் மாமன் மீனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இன்னைக்கும் ததேயுஸ் கக்கிப்போட்டான்" என்று மட்டும் சொன்னார். கரையில் நின்ற பெண்கள் மீன் கேட்க மறந்து சிரித்தார்கள்.

அல்போன்ஸ் என் அம்மைக்கு நேர் மூத்த அண்ணன். அவர் மகள் வியாகுலம்மாள் எனக்கு மதினி. ததேயுஸ் அப்போது எங்களுக்கு யாருமில்லை. அவருடைய அம்மையும் என் அம்மையும் சிறு வயதில் ஒன்றாக நண்டு பிடித்தார்கள் என்பதை உறவு என்று சொல்ல முடியாது. உறவு பின்னால் வந்தது. எப்படி வந்தது என்பதுதான் கதை.

கடலோரத்தில் பிறந்தும் கடல் சேராத உடம்பு அவருக்கு. மாமனின் மரத்தில் அலையைத் தாண்டுகிற வரையில் பாட்டுப் பாடிக்கொண்டு போவார். தாண்டியபின் மரம் மெல்ல ஆடத் தொடங்கும். பாட்டு நிற்கும். முகம் வெளிறும். "மாமா, என்னக் கரையில விடும்" என்று கெஞ்சுவார். விரித்த வலையை விட்டுவிட்டு எவன் கரைக்குத் திரும்புவான்? பல நாள் அவரே குதித்து நீந்தி வந்துவிடுவார். நீந்தும்போது வாந்தி வராது. அதனால் அவர் வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறார் என்றும் சொன்னார்கள். எங்கள் கரையில் பாதியில் மரத்தை விட்டு இறங்குகிறவனுக்கு மதிப்பே கிடையாது. காற்றானாலும் மழையானாலும் மரத்தோடு போய் மரத்தோடு வர வேண்டும்.

ஆனால் அவருடைய கைகள் வேறு மாதிரி. கரையில் நின்று கரமடி வலையின் கயிற்றைப் பிடித்து இழுத்தாரென்றால் பின்னால் நிற்கிறவர்கள் சும்மா கயிற்றைத் தொட்டுக்கொண்டு நின்றால் போதும். அந்தக் கைகளைத்தான் ரசலையன் பார்த்தார்.

ரசலையன் நாகர்கோவிலில் கருவாட்டு வியாபாரி. மிஷன் சபைக்காரர், எங்களைப்போலக் கத்தோலிக்கர் அல்ல. வெயில் கொளுத்தினாலும் கோட்டும் தலைப்பாகையும் கழற்ற மாட்டார். மலைத்தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது கதவில்லாத அவருடைய பழைய குட்டிக் காரை ரசலையன் வாங்கிவிட்டார். இப்போதைய பிள்ளைகள் ஒரு விரலால் ஸ்டியரிங்கைச் சுற்றுகிறார்கள். அந்தக் காரின் ஸ்டியரிங்கைத் திருப்புவது, மாவு நிறைந்த ஆட்டுரலைக் குழவியோடு சேர்த்துச் சுற்றுவதுபோல. வண்டி ஓடிக்கொண்டிருந்தால் முக்கி முனகித் திருப்பலாம். நின்றுவிட்டால் யானையும் திருப்பாது. ரசலையனுடைய கைகள் முருங்கைக்காய் மாதிரி இருக்கும். முதல் நாள் கொட்டாரம் என்ற ஊருக்குப் போகிற வழியில் பாதை வளைந்தது, அவர் வளையவில்லை. நேராக வயலுக்குள் போய்விட்டார். வயல்காரர் ஓடி வந்தபோது, வேண்டுமென்றே வந்தவர்போல வண்டியில் இருந்தபடியே, "அறுப்பு எப்போ?" என்று விசாரித்தாராம்.

அடுத்த வாரம் முட்டம் வந்தவர் கரமடி இழுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ததேயுஸைக் கூப்பிட்டார்.

"லேய், ஒனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது அய்யா."

"எனக்கும் தெரியாது. எனக்கு ஒனக்க கை வேணும். மிச்சத்தப் பின்ன படிச்சுக்கிடலாம்."

மிச்சத்தை நாகர்கோவில் பஸ் டிரைவர் பொன்னுலிங்கம் சொல்லிக் கொடுத்தார். ததேயுஸ் சீக்கிரமே ஓட்டப் பழகினார். ஒரு பழக்கத்தை மட்டும் பொன்னுலிங்கத்தால் மாற்ற முடியவில்லை. கடலில் மரம் திரும்பும்போது மரத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்வார்கள். அப்படிச் சாயாமல் எதுவும் திரும்பாது என்பது ததேயுஸுக்கு ரத்தத்திலேயே ஊறியிருந்தது. வளைவு தூரத்தில் தெரியும்போதே சத்தம் கொடுப்பார்.

"அய்யா, எடப்பக்கம் சாயும்."

"நான் எதுக்குலே சாயணும்?"

"சாயாட்டி திரும்பாது அய்யா. கண்டீரா, வயலு வருது."

வயல் என்றதும் ரசலையன் சாய்ந்துவிடுவார். வண்டி திரும்பிவிடும். ததேயுஸ் சீட்டை விட்டு எழும்பி, ஒரு காலை முன்பலகையில் ஊன்றி, கரமடிக் கயிற்றை இழுப்பதுபோல ஸ்டியரிங்கை இழுத்ததால் திரும்பியதா, ரசலையன் சாய்ந்ததால் திரும்பியதா என்று யார் கண்டது? சாயாமல் பார்க்க இரண்டு பேருக்குமே தைரியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகும்போது ரசலையனின் மனைவி தேவகனியும் சாய வேண்டும். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, பாட்டுப்புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவர் ஒரு வளைவில் வெளியே தொங்குவார். அடுத்த வளைவில் புருஷன்மேல் விழுவார். "காருக்குப் பதிலா ஒரு தொட்டில் வாங்கியிருக்கலாம்" என்பார். சபை வாசலில் நிற்கிறவர்களுக்கு முதலில் தெரிவது வண்டியல்ல, வெளியே நீளும் ரசலையனின் தலைப்பாகைதான்.

இப்படி ஒரு வருஷம் போனது. ததேயுஸுக்குக் காக்கிச் சட்டையும் தைரியமும் வந்தன. அல்போன்ஸ் மாமனிடம் வந்து வியாகுலம்மாளைப் பெண் கேட்டார். இரண்டு பேருக்கும் முன்பே மனசு இருந்தது. மதினிதான் "கேளும்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

மாமன் வலை கட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "பாதியில மரத்த விட்டு எறங்குதவனுக்கு எனக்க மகளக் குடுக்க மாட்டேன்."

"இப்போ நான் மரத்துல போறதில்ல மாமா. வண்டியில போறேன்."

"வண்டியில இருந்து மட்டும் எறங்க மாட்டியாக்கும்?"

"எறங்க மாட்டேன்."

"அப்படியா. திருநாளன்னைக்கு பூச முடிஞ்சு ஊரு முழுக்க கோயில் முத்தத்துல நிக்கும். அங்க ஒனக்க டப்பாவக் கொண்டு வா. ஒனக்க காலு மண்ணுல படாம திருப்பிக் கொண்டு போ. பின்ன பொண்ணக் கேளு. காலு மண்ணுல பட்டா இனிமே இந்தப் பக்கம் வரப்படாது."

கோயில் முற்றம் முழுக்கக் கடல்மணல். நடக்கிறவனுக்கே கால் புதையும். அது மாமனுக்கும் தெரியும், ததேயுஸுக்கும் தெரியும். அன்றிரவு மதினி சாப்பிடவில்லை.

ததேயுஸ் ரசலையனிடம் போய் நின்றார். "திருநாளைக்கு நீங்களும் வரணும் அய்யா."

"நான் சபைக்காரன்லே. ஒங்க திருநாள்ல எனக்கு என்ன வேல?"

"சாயணும் அய்யா."

உள்ளேயிருந்து தேவகனி, "போயிட்டு வாங்க. அந்தப் பையனுக்குக் கல்யாணமாவது ஆவட்டும். நம்ம வீட்டுல சாயத் தெரிஞ்சவரு நீங்கதான்" என்றார்.

திருநாளன்று பூசை முடிந்து கொட்டுக்காரர்கள் அடித்துக்கொண்டிருக்கும்போது, லைட்ஹவுஸ் பாதையிலிருந்து குட்டிக் கார் இறங்கி வந்தது. முற்றத்துக்குள் நுழைந்ததும், "வலப்பக்கம், அய்யா" என்று ததேயுஸ் கத்தினார். ரசலையன் சாய்ந்தார். வண்டி கொஞ்சம் திரும்பியது. சக்கரம் மணலில் இறங்கியது. "இன்னும் சாயும்." ரசலையன் இன்னும் சாய்ந்தார். ஸ்டியரிங் இறுகியது. வண்டி சிலுவை நட்ட குருசடியைப் பார்த்தபடி நின்றுவிட்டது. ரசலையன் நிற்கவில்லை, மணலில் விழுந்தார். தலைப்பாகை உருண்டு கொட்டுக்காரர் காலடியில் போய் நின்றது. கொட்டு நின்றது. அதன்பிறகு எழுந்த சிரிப்பு கடல் சத்தத்தை அமுக்கிவிட்டது.

ததேயுஸ் எழும்பி நின்று இழுத்தார். முன்பலகையில் கால் ஊன்றி இழுத்தார். ஸ்டியரிங் அசையவில்லை. சட்டை முதுகோடு கிழிந்தது. இறங்கி ஒரு பக்கமாகத் தள்ளினால் சரியாகிவிடும். இறங்கினால் பெண் இல்லை. பெண்கள் கூட்டத்தில் வியாகுலம்மாள் முக்காட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் பக்கத்தில் நின்ற என் கையை அவள் பிடித்த பிடியில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமனுடைய வலையில் வேலை செய்கிற ஆட்கள் கேலி பண்ணக் கிட்டே வந்தார்கள். வந்தவர்களில் ஒருவன், "மரத்தத் தூக்குத மாதிரித் தூக்கித் திருப்பி வைப்போமாலே?" என்றான். கம்புகள் வந்தன, கயிறு வந்தது. வண்டிக்கு அடியில் கம்பைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் ஒருவன் தூக்க, அந்தப் பக்கம் ஒருவன் சிரிக்க, வண்டி எழும்பவில்லை.

அல்போன்ஸ் மாமன் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். அவருடையது தலைமுறை தலைமுறையாக மரம் தூக்குவதற்குக் குரல் கொடுக்கிற குடும்பம். பத்து ஆண்கள் தோள் சேராமல் எதையாவது தூக்குவதைக் கண்டால் அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். கொஞ்ச நேரம் பொறுத்தார். அப்புறம் முடியவில்லை.

"சவங்களே, ஆளுக்கொரு நேரம் தூக்குனா எழும்புமாலே? தோளக் குடு. என் சத்தத்துக்குத் தூக்கு."

தானே முன்கம்பில் தோளைக் கொடுத்தார். "ஏலோ" என்றார். "ஏலோ" என்றார்கள் எல்லாரும். ரசலையனும் கோட்டில் மணலோடு பின்னால் நின்று, "ஏலோ" என்றார். வண்டி எழும்பியது. ததேயுஸோடு சேர்ந்து எழும்பியது. அடி வைக்க அடி வைக்க அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியது, அலை தாண்டிய மரம் ஆடுவதுபோலவே.

ததேயுஸின் முகம் வெளிறுவதை முதலில் பார்த்தவள் மதினிதான். "அப்பா, தள்ளி நில்லும்" என்றாள். குரல் கொடுத்துக்கொண்டிருந்தவர் காதில் அது விழவில்லை. ததேயுஸ் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி தலையை மட்டும் வெளியே நீட்டினார். மாமனின் திருநாள் சட்டை, தோள் முதல் இடுப்பு வரை, காலையில் ததேயுஸ் சாப்பிட்ட மரச்சீனிக் கிழங்காக ஆனது.

தோளில் பாரம் இருந்ததால் மாமனால் நகரவும் முடியவில்லை, அடிக்கவும் முடியவில்லை. "ஏலோ" என்று இன்னொரு தரம் சொல்லி, வண்டியைக் கெட்டித்தரையில் பாதையைப் பார்த்து இறக்கி வைக்கச் செய்தார். பிறகு நிமிர்ந்து ததேயுஸைப் பார்த்தார்.

"கரையில இருந்துட்டே கடல் வாந்தி எடுக்குதவன் ஒலகத்துல இவன் ஒருத்தந்தான்" என்றார்.

"மாமா, நான் எறங்கல" என்றார் ததேயுஸ், வாயைத் துடைத்துக்கொண்டு.

மாமன் குனிந்து வண்டிக்குள் அவருடைய கால்களைப் பார்த்தார். அதில் மணல் ஒட்டியிருக்கவில்லை. "நீ எங்கலே திருப்பின, நான்லா திருப்பினேன்" என்றார். பிறகு தன் சட்டையைப் பார்த்தார். "மரத்துல கக்குனா குதிச்சு ஓடுவான். இன்னைக்குக் கக்கியும் குதிக்கல்ல. ஏட்டி வியாகுலம், வந்து எனக்க சட்டைய வாங்கு. இனி இது ஒனக்க பாடு."

அதுதான் சம்மதம். மதினி அந்தச் சட்டையைச் சிரித்துக்கொண்டே துவைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கல்யாணத்துக்கு அந்த வண்டியைக் கோயில் முற்றத்துக்குள் கொண்டுவர வேண்டாமென்று சாமியாரே சொல்லிவிட்டார். ததேயுஸ் அண்ணன் அதை ரசலையன் வீட்டில் பல வருஷம் ஓட்டினார். ஒரு தரம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வண்டியைத் தானாகத் திருப்பிவிட்டபோது, "காத்தும் சாயுது பாரும் அய்யா" என்றாராம். ரசலையன் கடைசிக் காலத்தில் பஸ்ஸில் போனாலும் வளைவுக்கு வளைவு சாய்வார், பக்கத்தில் இருப்பவர் எழும்பி வேறு இடம் பார்ப்பார். அல்போன்ஸ் மாமனும் போய்ச் சேர்ந்தார். வியாகுலம்மாள் மதினி போன மழைக்காலத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் இறந்துபோனாள்.

ததேயுஸ் அண்ணன் இப்போது கொட்டாரத்தில், மகள் கிரேசியின் வீட்டில் இருக்கிறார்.