பட்டியலில் இல்லாத ஆட்டம்

ஆறு அணிகள், இரண்டு மைதானங்கள், ஒரு பகல். ஒக்லாந்தில் உள்ள யாழ்ப்பாணக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் சேர்ந்து நடத்தும் உதைபந்தாட்டப் போட்டிக்கு அட்டவணை போட்டுத் தரும்படி என்னைக் கேட்டபோது, அரை மணி நேர வேலை என்றுதான் நினைத்தேன். பென்ரோஸில் ஒரு பண்டகசாலையில், எந்த லொறி எந்த வாசலுக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று தீர்மானிக்கும் மென்பொருளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். லொறிகள் ஒன்றையொன்று முட்டாமல் பார்க்கத் தெரிந்தவளுக்குக் கல்லூரிகள் எம்மாத்திரம்?

யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம்தான். ஐந்து வயதில் உள்ளே போய்ப் பத்தொன்பது வயதில் வெளியே வருவார்கள். பிறகு எந்த நாட்டுக்குப் போனாலும், அதற்குள்ளிருந்து முழுதாக வெளியே வருவதில்லை. அப்பாவுக்கு வயது அறுபது. மங்கரேயில் விமானச் சரக்குப் பிரிவில் இருபது வருடமாக வேலை செய்கிறார். புதிதாக ஒரு தமிழரைச் சந்தித்தால் பெயரைக் கேட்கும் முன் அவர் கேட்பது, “எந்தக் கொலிஜ்?”

சங்கத்திடம் விதிமுறைகளை எழுத்தில் கேட்டு வாங்கினேன். அணிக்கு ஒன்பது பேர். அதில் இரண்டு பேராவது ஐம்பதைக் கடந்திருக்க வேண்டும். சப்பாத்து ஆணிகள் இரும்பாக இருக்கக் கூடாது. இங்கே ஜூனில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், அதற்குள் முடிக்க வேண்டும். எல்லாவற்றையும் உள்ளிட்டு, மூன்று மூன்று அணிகளாக இரண்டு பிரிவு பிரித்தேன். ஒவ்வொரு பிரிவிலும் முதலாவது வரும் அணி இறுதி ஆட்டத்துக்குப் போகும். பரம எதிரிகள் தொடக்கத்திலேயே மோதிக்கொள்ளக் கூடாது என்று, அப்பாவின் கல்லூரியை ஒரு பிரிவிலும், ஊரில் அதற்கு வீதியின் எதிர்ப்பக்கம் இருந்த கல்லூரியை மற்றதிலும் போட்டேன். வியாழன் மாலை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட்டுச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் அழைப்பு நான்கு நிமிடத்தில் வந்தது. அதற்குப் பிறகு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அட்டவணையில் பிழை என்று மூன்று பேர். கணினியில் வைரஸ் புகுந்திருக்கும் என்று ஒருவர். என் சுகம் விசாரித்துவிட்டு, கடைசியில் பிழை என்று சொன்னவர் ஒருவர். “பிள்ளை, நீ படிச்சனி, ஆனா உனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லைப் போல” என்று ஒரு மாமி.

யாரும் சொல்லித் தரவில்லை என்பது உண்மை. அந்த இரண்டு கல்லூரிகளும் ஒவ்வொரு வருடமும் காலை எட்டு மணிக்கு முதல் ஆட்டத்தில் மோதும். எத்தனை அணிகள் வந்தாலும், எப்படிப் பிரித்தாலும், அது மட்டும் மாறாது. முடிந்ததும், தோற்ற கப்டன் எல்லாருக்கும் முன்னால் வென்ற கப்டனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க வேண்டும். யாரும் மறக்க மாட்டார்கள் என்பதால் யாரும் எழுதி வைக்கவில்லை. சின்ன வயதில் நான் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் மைதானத்துக்குப் போவேன். பிறகு படிக்கவும் வேலைக்கும் வெலிங்டனில் இருந்தேன். தேத்தண்ணிக் கதை காதில் விழுந்திருக்கிறது. அது ஒவ்வொரு வருடமும் தவறாமல் நடக்கிறது என்பது தெரியாது.

அப்பாதான் கப்டன், கோல்கீப்பரும் அவர்தான். ஆறு வருடமாகத் தேத்தண்ணி ஊற்றுகிறார். வலது முழங்காலை மாற்றும் சத்திரசிகிச்சைக்கு ஜூலையில் நாள் குறித்தாகிவிட்டது. அதன் பிறகு நடக்கலாம், நீந்தலாம், பந்தைத் தொடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆகவே இதுதான் கடைசி. இந்த ஒரு முறையாவது ஊற்றாமல் வாங்கிக் குடிக்க வேண்டும் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னதில்லை. ஆனால் ஏப்ரலிலிருந்து வேலை முடிந்து வந்து கராஜ் கதவை மூடி, அதையே கோலாக வைத்து முன்னால் நின்று, அம்மாவைப் பந்து எறியச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எதிர் அணியின் கப்டன் அப்பாவின் மிக நெருங்கிய சிநேகிதர். மின்சார வேலை செய்பவர். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஞாயிறு காலையில் இருவரும் சேர்ந்துதான் ஏவன்டேல் சந்தைக்குப் போய் வெண்டிக்காய் பொறுக்குவார்கள். அந்த வியாழன் இரவு மாமா தொலைபேசியில் அழைக்கவில்லை, நேரே வீட்டுக்கே வந்துவிட்டார்.

“உன்ரை அப்பரைக் காப்பாத்த நல்ல வேலை செய்திருக்கிறாய், பிள்ளை.”

“மாமா, சத்தியமா எனக்குத் தெரியாது.”

“எங்கட ஆக்கள் எல்லாரும் இதைத்தான் கதைக்கினம். ஏழாவது தேத்தண்ணிக்குப் பயந்து, மகளைக் கொண்டு லிஸ்ட் போட்டிருக்கிறாராம்.”

அப்பா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஆர் பயந்தது? போன வருசம் நீ அடிச்ச கோல் உன்ரை வண்டி வயித்திலை பட்டுத்தானே போனது.”

“வண்டியும் என்ரைதானே, மச்சான்.”

இரண்டு நிமிடத்தில் மாற்றித் தருகிறேன் என்று மடிக்கணினியைத் திறந்தேன். அப்பா விடவில்லை. “தொடாதை. இப்ப மாத்தினா நான் சொல்லித்தான் மாத்தினது எண்டுவாங்கள். போட்டது போட்டதுதான்.” மாமா போன பிறகும் அவர் அசையவில்லை. ஒரு வழிதான் மிச்சம் இருந்தது: இரண்டு அணிகளும் தங்கள் தங்கள் பிரிவில் முதலாவதாக வந்து இறுதி ஆட்டத்தில் சந்திக்க வேண்டும். இரண்டு அணிகளின் சராசரி வயதையும் யோசித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை தூறலோடு விடிந்தது. மைதானம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்ததால், சில நிமிடங்களுக்கு ஒரு முறை விமானம் தலைக்கு மேல் இறங்கியது. அப்போது எல்லாரும் பாதி வசனத்தில் நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்திலிருந்து ஏசினார்கள். அன்று யாரும் பார்த்திராத ஒன்று நடந்தது. அப்பாவின் அணி விளையாடும்போது, எதிர்க் கல்லூரிக்காரர்கள் தங்கள் நிறச் சால்வைகளோடு கோட்டோரம் நின்று அப்பாவின் அணிக்காகக் கத்தினார்கள்.

“ஓடு, ஓடடா, நாசமறுப்பு. உன்னை நாங்கள் தோக்கடிக்க வேணும், இவங்களிட்டைத் தோக்காதை” என்று மாமா தொண்டை கிழியக் கத்தினார்.

அவர் விளையாடியபோது அப்பா அதே வேலையைச் செய்தார், கொஞ்சம் மரியாதையாக. பலன் இல்லை. அப்பாவின் அணி ஒன்றில் வென்று ஒன்றில் தோற்றது. மாமாவின் அணி இரண்டிலும் தோற்றது. இரண்டரை மணிக்கு இரண்டு கல்லூரிகளும் வெளியே நின்றன. அப்பா கையுறைகளைக் கழற்றி, ஒன்றை மற்றதற்குள் செருகி, பைக்குள் வைத்தார். பையின் ஸிப்பை இழுத்து மூடத்தான் நெடுநேரம் எடுத்தார். நான் அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் ஒரு பிழையும் இல்லை. எல்லா ஆட்டமும் நேரத்துக்கு நடந்திருந்தது.

மாமா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “நாலு மணிக்கு இரண்டாம் கிறவுண்டிலை என்ன இருக்கு?”

“ஒண்டுமில்லை, மாமா. ஃபைனல் முதலாம் கிறவுண்டிலை.”

“அப்ப எழுது.”

எழுதினேன். இப்படி ஒரு நிகழ்ச்சியை அது நடக்கும் நாளிலேயே பட்டியலில் சேர்ப்பது என் தொழிலில் பெரிய குற்றம். அன்று அது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

இரண்டாவது நடுவர் தமிழ்நாட்டுக்காரர். எந்தக் கல்லூரியும் சந்தேகப்பட முடியாது என்பதற்காகவே அவரைப் பிடித்திருந்தார்கள். “ஏங்க, இது லிஸ்ட்லயே இல்லையே. ஜெயிச்சா என்ன தருவீங்க?” என்று கேட்டார்.

“தேத்தண்ணி” என்றேன்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அவர் சுற்றிலும் பார்த்தார். முழுக் கூட்டமும் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மைதானத்தைச் சுற்றி வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. “புரியுதுங்க” என்றார், புரியாத முகத்தோடு.

இறுதி ஆட்டத்தை வீரர்களின் மனைவிமார் சிலரும் ஒரு நாயும் பார்த்தார்கள். அதில் விழுந்த முதல் கோல், கோல்கீப்பர் எங்கள் பக்கம் திரும்பி நின்றபோது விழுந்தது என்று பிறகு சொன்னார்கள். எங்கள் பக்கத்தில், அந்தக் கல்லூரி வாசலைக்கூட மிதித்திராத மாமிமார், அதில் படித்தவரைக் கட்டிக்கொண்ட குற்றத்துக்காகத் தொண்டை கட்டக் கத்தினார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் படத்தில் மட்டும் பார்த்த பள்ளிக்கூடத்துக்காக ஆங்கிலத்தில் ஊளையிட்டார்கள். நான் நிதானமான ஆள். அலுவலகத்தில் எல்லாத் திரையும் சிவப்பாகும்போதும் குரலை உயர்த்தாதவள். என் கையிலிருந்த கிளிப்போர்டைக் காற்றில் ஆட்டிக்கொண்டு நிற்பதை அம்மா சொல்லித்தான் கவனித்தேன்.

கிண்ணமும் இல்லை, பரிசும் இல்லை. தாங்கள் தெரிந்தெடுக்காத, ஐந்து வயதில் யாரோ கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்ட ஒரு இடத்துக்காக, அதை விட்டு நாற்பது வருடம் கழித்து சேற்றில் விழுந்து எழும்புகிறார்கள். தொழில்நுட்ப விளக்கம் என்னிடம் இல்லை. பார்த்தால் தொற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அப்பாவின் அணி முதலில் கோல் போட்டது. இடைவேளைக்குப் பிறகு மாமாவின் அணி சமப்படுத்தியது. அப்பா இரண்டு பந்துகளை வயிற்றாலும் ஒன்றைக் கன்னத்தாலும் தடுத்தார். இருட்டத் தொடங்கிய நேரம், ஒரு நீளப் பந்து வந்தது. கோலுக்கு அருகே தனியாக நின்ற மாமா அதைக் காலால் தட்டினார். அப்பா வலப்பக்கம் பாய முயன்றார், முழங்கால் பாயவில்லை. பந்து மெதுவாக, மன்னிப்புக் கேட்பது போல உருண்டு உள்ளே போனது.

“ஓஃப் சைட்” என்று தரையிலிருந்தபடியே சொன்னார் அப்பா.

“எனக்குக் கோல் மாதிரிதாங்க தெரிஞ்சுது” என்றார் நடுவர். கோட்டோரம் கொடியோடு யாராவது நிற்கிறார்களா என்று தேடினார். யாருமில்லை. இருந்த இரண்டு லைன்ஸ்மன்மாரையும் நான் இறுதி ஆட்டத்துக்குப் போட்டிருந்தேன்.

இரண்டுக்கு ஒன்று. அப்பா சேற்றோடு வந்து, மேசையிலிருந்த கேத்தலைத் தூக்கி, ஏழாவது தேத்தண்ணியை ஒரு துளி சிந்தாமல் ஊற்றினார். மாமா குடித்துப் பார்த்தார்.

“சீனி காணாது, மச்சான்.”

“கள்ளக் கோலுக்கு இது காணும்.”

வீட்டுக்குப் புறப்பட்டோம். கடைசி ஆட்டம், அதுவும் இப்படி. அப்பாவிடம் என்ன சொல்வது என்று மூன்று வசனம் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுக்கும் இடம் கிடைக்கவில்லை. கடைசிப் பின்காவல்காரன் எங்கே நின்றான், மாமாவின் இடது கால் எங்கே இருந்தது என்று அவர் வாகனத்தின் கண்ணாடியில் விரலால் கீறிக் காட்டிக்கொண்டே வந்தார். அடுத்த நாள் சந்தையிலும் அதுதான் நடந்ததாம், வெண்டிக்காய்களை வைத்து.

ஜூலையில், சத்திரசிகிச்சைக்கு முன், நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். தாதி படிவத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். ஒவ்வாமை? இல்லை. கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? நேற்றிரவு. மனதில் ஏதாவது கவலை இருக்கிறதா?

“இருக்கிறது” என்றார் அப்பா. “அந்த இரண்டாவது கோல் ஓஃப் சைட்.”

தாதி பேனாவை மூடிவைத்தாள். அவளுடைய அண்ணன்மார் மூன்று பேரும் சமோவாவில் பள்ளிக்கூட அணிக்கு ரக்பி விளையாடியவர்களாம். லைன்ஸ்மன் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

அப்பா தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அதை என் மகளிடம்தான் கேட்க வேண்டும்” என்றார்.