ராகு காலத்துக்கு முந்தைய வண்டி

நவி மும்பையில், சான்பாடாவில் எங்கள் ஃபிளாட் முழுக்க நேற்று புளிக்காய்ச்சல் வாசனை. என் மருமகள் தன் வயதுப் பெண்களோடு ஐரோப்பா போகிறாள். கூட்டத்தில் ஆண்களுக்கு இடமில்லை. வழிகாட்ட ஒரு பெண், எல்லார் தலைக்கும் ஒரே நிறத்தில் தொப்பி, எந்த ஊரில் எப்போது காப்பி என்பது வரை அச்சடித்த தாள். சக்கரம் வைத்த பெட்டியில் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, கடைசியில் புளிக்காய்ச்சலைப் பாட்டிலில் அடைத்து நடுவில் செருகினாள். ஆல்ப்ஸ் மலையைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் மத்தியானம் பசிக்கும்தானே.

"ஒரு தப்பும் நடக்காதும்மா, எல்லாம் அவா பாத்துப்பா" என்றாள். எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு தப்புகூட நடக்காத பயணத்தைப் பற்றித் திரும்பி வந்து என்னதான் பேசுவாள்?

அந்த வாசனை என்னை நேரே பழைய பம்பாயின் மாதுங்காவில் கொண்டுபோய் விட்டது. இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். ரேஷன் அரிசியில் கல் பொறுக்குவதற்கென்றே பகவான் மத்தியானங்களைப் படைத்திருந்தார். எனக்குப் பத்தொன்பது வயது, ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். எங்கள் கட்டிடத்தில் சம்பளம் வாங்குகிற ஒரே பெண் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று மாமிகள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை நானும் கெடுக்கவில்லை.

மாமிகளுக்கெல்லாம் தலைவி அலமேலு மாமி. பஞ்சாங்கம் முழுக்க அவள் நாக்கில் இருந்தது. இரண்டாம் மாடி காமாட்சி மாமி அதற்கு நேர் எதிர், இருக்கிற இடமே தெரியாது. நாற்பதைத் தாண்டியிருந்தாள். ஒரே பெண் ராஜத்தைப் பூனாவில் கொடுத்திருந்தது. தலைப்பிரசவத்துக்குப் பிறந்தகம் அனுப்ப ராஜத்தின் மாமியார் சம்மதிக்கவில்லை, ரயில் கூட்டத்தைக் காரணம் சொல்லிவிட்டாள். குழந்தைக்கு நாலு மாதமாகியும் மாமி பேரன் முகத்தைப் பார்க்கவில்லை. பூனா என்ன லண்டனா? காலையில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கிவிடலாம். ஆனால் ஆண்துணை வேண்டுமே!

மாமா ரயில்வே ஆபீஸில் ஹெட் கிளார்க். ஊரையெல்லாம் ரயிலேற்றிவிடுகிற அந்த ஆபீஸில் அவருக்கு மட்டும் லீவு கிடைக்காது. "யுத்த காலத்துல அனாவசியமாப் பிரயாணம் பண்ணாதேங்கோன்னு நாங்களே நோட்டீஸ் ஒட்டிண்டிருக்கோம். நானே பொண்டாட்டியைக் கூட்டிண்டு கிளம்பினா நன்னாவா இருக்கும்?" என்பார். மாமி பேரனுக்கென்று தைத்து வைத்த சட்டைகள் போடாமலே சின்னதாகிவிட, உட்கார்ந்து பெரிதாக வேறு சட்டை தைப்பாள்.

இந்த நிலைமையில்தான் அலமேலு மாமி, டிட்வாலா பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வரலாம், ஆண்கள் யாரும் வேண்டாம் என்று கிளப்பிவிட்டாள். கல்யாண் வரைக்கும் லோக்கல், அங்கே வண்டி மாறி இன்னும் கொஞ்ச தூரம், அவ்வளவுதான். வீட்டு ஆண்கள் மொட்டை மாடியில் கூடிப் பேசினார்கள். யுத்தத்தில் இறங்குவதற்கு முன்னால்கூட யாரும் இவ்வளவு யோசித்திருப்பார்களா, தெரியாது. கடைசியில் தீர்ப்பு வந்தது. இங்கிலீஷும் இந்தியும் தெரிந்த நான் துணைக்குப் போகவேண்டும். விளக்கு வைப்பதற்குள் எல்லாரும் வீடு திரும்ப வேண்டும். இதை ஒழுங்காகச் செய்துகாட்டினால் காமாட்சி மாமியைப் பூனாவுக்குத் தனியாக அனுப்புவதைப் பற்றி 'யோசிக்கலாம்' என்று மாமாவும் வாய்தவறிச் சொல்லிவிட்டார். மற்றவர்களுக்கு அது பிள்ளையார் தரிசனம். காமாட்சி மாமிக்கு அது பரீட்சை.

ஆபீஸுக்கு ஜுரம் என்று சொல்லியனுப்பிவிட்டு, ஒரு சனிக்கிழமை காலை ஆறு மாமிகளோடு புறப்பட்டேன். கல்யாணில் இறங்கி விசாரித்தால், டிட்வாலா வண்டி ஒன்பது மணிக்கு மேல்தான் என்றார்கள். அலமேலு மாமி அப்படியே நின்றுவிட்டாள். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம்.

"ஆத்துலேர்ந்து நல்ல நேரத்துலதானே மாமி கிளம்பினோம்?" என்றேன்.

"வண்டி மாறறதும் கிளம்பறதுதான். ராகு காலத்துல ஏறிண்டு யாராவது பிள்ளையாரைப் பார்க்கப் போவாளோ?"

பக்கத்துப் பிளாட்பாரத்தில் வேறொரு வண்டி தயாராக நின்றது. ஒன்பதுக்கு முன்பே கிளம்பிவிடுமாம். அதற்கு மேல் மாமிக்கு வேறென்ன தகுதி வேண்டும்? "எல்லாம் அந்தப் பக்கந்தான் போறது, ஏறுங்கோ" என்று உத்தரவு போட்டாள். போர்டைப் படிக்கவேண்டிய நான், புளியோதரைக் கூடையை நசுங்காமல் ஏற்றுவதில் மும்முரமாக இருந்தேன். படித்தவள் கையில் கூடையைக் கொடுத்தால் இப்படித்தான்.

பெண்கள் பெட்டியில் எங்களைத் தவிர அதிகம் பேர் இல்லை. கொஞ்ச தூரம் என்றார்களே, இன்னும் வரவில்லையே என்று யாரும் கேட்கவில்லை. புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாகிவிட்டது. மழைக்காலம் வேறு. மலையடிவாரத்துக் கர்ஜத்தில், மேலே தள்ளிவிடப் பின்னாலிருந்து ஓர் இஞ்சின் வந்து முட்டியது, வண்டி மலையேறத் தொடங்கியது. முதல் குகையின் இருட்டில் மாமிகள் பயந்து அலறினார்கள். இரண்டாவதில் கொஞ்சம் சிரிப்போடு அலறினார்கள். மூன்றாவது எப்போது வருமென்று காத்திருந்து அலறினார்கள். ஒவ்வொரு குகைக்கு வெளியிலும் பாறையிலிருந்து தண்ணீர் கொட்டியது. மாதுங்காவில் குழாய்க்கு வாளி வைத்துக் காத்திருக்கிறவர்களுக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆற்றாமையாக இருந்தது. தலையை வெளியே நீட்டி முகம் நனைந்த அலமேலு மாமி, "பிள்ளையாருக்கு என்னமா இடம் பாத்து வெச்சிருக்கா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கர்ஜத்தில் கொய்யாக் கூடையோடு ஏறியிருந்த மராட்டிக்காரி ஒருத்தி, எங்கே போகிறீர்கள் என்று என்னைக் கேட்டாள். சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "டிட்வாலா? யே காடி பூனா ஜாத்தீ ஹை, பாயி!"

பூனா போகிற வண்டியாம்! ஆறு மாமிகளும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

லோனாவாலாவில் இறங்கி, திரும்புகிற வண்டியைப் பிடித்தால் விளக்கு வைப்பதற்குள் போய்ச் சேரலாம் என்று கூடைக்காரியே வழியும் சொன்னாள். லோனாவாலா வந்ததும் அடித்துப் பிடித்து இறங்கினோம். பார்த்தால் காமாட்சி மாமியைக் காணோம். பெட்டிக்குள்ளேயே, இரண்டு கையாலும் பலகையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இறங்குங்கோ மாமி, வண்டி கிளம்பிடும்!"

"இது பூனாவுக்குத்தானே போறது?"

"ஆமாம், அதனாலதான் இறங்கச் சொல்றேன்."

"அதனாலதான் நான் இறங்கலை."

அலமேலு மாமி ஓடிவந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அடியே, உங்காத்துக்காரர் கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?"

"ராகு காலம்னு சொல்லுங்கோ" என்றாள் காமாட்சி மாமி. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ அவாளோட போ. அத்தனை பேரும் சேர்ந்து மறுபடி வழி தப்பிடுவா. நான் ஒருத்திதானே, எப்படியும் போயிடுவேன்" என்றாள்.

வண்டி நகர்ந்தபோது ராஜத்தின் விலாசத்தை அந்தக் கூடைக்காரியிடம் ஒரே மூச்சில் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. எனக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் தாங்கமுடியாத பெருமை. நான் மாதா மாதம் சம்பளம் வாங்கியும் எனக்கு வராத துணிச்சல் அது.

தப்பான வண்டியில் ஏறியதற்கு அபராதம் கட்டி, சொன்னபடி விளக்கு வைப்பதற்குள் மாதுங்கா திரும்பிவிட்டோம், ஒரு மாமி குறைவாக. மாமா வாசலிலேயே நின்றிருந்தார்.

"எங்கே அவ?"

"பூனாவுல" என்றாள் அலமேலு மாமி.

"டிட்வாலான்னுதானே சொன்னேள்?"

"பிள்ளையார் மாத்திட்டார்."

நாலு மாதமாகக் கிடைக்காத லீவு மாமாவுக்குத் திங்கட்கிழமையே கிடைத்தது. மாமியைக் கையோடு கூட்டிவரப் பூனா போனவர் தனியாகத் திரும்பி வந்தார். குழந்தை தவழட்டும், பார்த்துவிட்டு வருகிறேன் என்று மாமி சொல்லிவிட்டாளாம். அதுவரை மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு, "நான்தான் அனுப்பிச்சேன், பொண்ணுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு" என்று கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொல்லிவந்தார். பொய் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அதைச் சொல்லச் சொல்ல அவர் நல்ல மனிதராகிக்கொண்டே வந்தார்.

மாமி தனியாகவே ரயிலேறித் திரும்பி வந்தாள். அதற்கப்புறம் எங்கள் கூட்டம் நாசிக், வஜ்ரேஷ்வரி என்று எங்கெங்கோ போயிற்று. ஒரு தடவையாவது நினைத்த நேரத்துக்கு நினைத்த இடத்தில் இறங்கினோமா என்றால் இல்லை. பஞ்சாங்கத்தையும் விடவில்லை, ரயிலையும் விடவில்லை.

அந்த மாமிகள் யாரும் இன்று இல்லை. அந்தக் கட்டிடத்தை இடித்து அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். மெஸ்ஸும் மூடிவிட்டது. இதெல்லாம் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஒன்று போனதில் மட்டும் வருத்தமே இல்லை. அந்தக் காலத்தில் ஒரு பெண் வெளியூரில் எந்த வாசலில் போய் நின்றாலும், உள்ளே வா என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும். இப்போது யாரும் அதைக் கேட்பதில்லை. அப்படி ஒரு கேள்வி இருந்தது என்பதே பலருக்குத் தெரியாது.

அன்று பூனா ஸ்டேஷனில் கூடைக்காரி குதிரை டாங்கா பிடித்து ஏற்றிவிட, மாமி விசாரித்துக்கொண்டே போய் ராஜத்தின் கதவைத் தட்டியிருக்கிறாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்த ராஜம், அம்மாவின் முகத்தை விட்டுவிட்டு அவள் முதுகுக்குப் பின்னால்தான் எட்டிப் பார்த்தாளாம்.

"கூட யாரும்மா வந்திருக்கா?"

"யாரும் வரலைடி. நான்தான் வந்திருக்கேன்" என்றாளாம் மாமி. சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்திருக்கிறது. பேரனைக் கையில் வாங்கக்கூடத் தோன்றாமல், அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாளாம்.